தொட்டி மீனை ஏரியில் விடலாமா?

1. கெண்டையும் கெளுத்தியும்

"பழனி, தினமும் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறது யாரு? நீதானே?"

எங்கள் ஜி.எம். இப்படிக் கேட்டபோது வாடிக்கையாளர்களின் கார் சிப்காட் சிக்னலைத் தாண்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட்டுக்குள் நுழைந்துவிடும். அவர் கேட்டதற்கு நான் அன்றைக்குச் சொன்ன பதில் சரியா என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன். ஈ.டி.பி. வேலைக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஓசூரில் முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் ஈ.டி.பி. பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஈ.டி.பி. என்றால் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடம். பிளேட்டிங் லைனிலிருந்து மஞ்சளாக வரும் குரோம் தண்ணீரில் மருந்து கலந்து, ஸ்லட்ஜ் என்கிற சேற்றைப் பிரித்து, வடிகட்டி, கடைசித் தொட்டிக்கு அனுப்புவோம். அங்கிருந்து தோட்டத்துக்குப் போகும். மழைக்காலத்தில் தோட்டம் குடிக்காத மீதி, வாய்க்கால் வழியே கம்பெனிக்குக் கீழே இருக்கும் ஏரியில் சேரும். அதற்கு அனுமதி இருந்தது. தண்ணீரும் சட்டம் சொன்ன அளவுக்குள்தான் இருந்தது. அப்படி இருக்கிறது என்று தினமும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்.

கடைசித் தொட்டியில் மீன் வளர்ப்பது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். பார்க்க வருகிறவர்களுக்கு மீட்டர் புரியாது, மீன் புரியும். "மீனே நீந்துதே!" என்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. கெளுத்தியும் விராலும் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும், சாக்கடையில் போட்டாலும் பிழைக்கும். பல இடங்களில் அதைத்தான் போட்டு வைத்திருப்பார்கள். நான் கெண்டைதான் போடுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். தண்ணீர் கெட்டால் கெண்டை முதலில் வாயைப் பிளக்கும். எனக்கு அது மீன் இல்லை, அலாரம்.

அந்தக் கெண்டைகள் கீழே உள்ள ஏரியில் பிடித்தவை. பிடித்துக் கொடுத்தவள் மஞ்சுளா. ஏரியில் வலை போடும் உரிமை அவள் குடும்பத்துக்கு இருந்தது. பிடித்ததைக் குந்தாரப்பள்ளிச் சந்தையில் விற்பாள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், லாரிக்காரனைத் திட்டக் கன்னடம். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் மட்டும் ஏரிக்கு வரமாட்டாள். மற்றபடி எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

2. பேனர் கட்டியாகிவிட்டது

புதிய ஆர்.ஓ. பிளான்ட் வருவதால் பழைய தொட்டியை இடிக்க வேண்டியிருந்தது. மீனை என்ன செய்வது? சுற்றுச்சூழல் நாளும் பக்கத்தில் வந்தது, புது ஆர்டர் கொடுக்க இருந்த வாடிக்கையாளர்களும் அதே நாளில் வருவதாக இருந்தார்கள். எச்.ஆர். தம்பிக்கு யோசனை பிறந்தது. மீன்களை ஏரியில் விடும் விழா. 'தாய்மடி திரும்பும் மீன்கள்' என்று பேனர் அடித்து ஏரிக்கரையில் கட்டியும் விட்டான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதில் சந்தோஷம்தான். சிமென்ட் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்த உயிர்கள், பிறந்த தண்ணீருக்கே போகட்டும் என்று நினைத்தேன். செதில் உரியாமல் பிடிக்க வேண்டுமென்று மஞ்சுளாவை நானே வரச் சொன்னேன்.

காலையில் வந்தாள். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க சார் கொண்டு போறீங்க இதையெல்லாம்?"

"உன் ஏரிக்கேதாம்மா. திரும்ப விட்டுடறோம்."

வலையைக் கீழே போட்டாள். "ஏமி சார் இது! ஏரியில விடறதா? நான் புடிச்சுத் தரமாட்டேன்."

"ஏம்மா, உன் ஏரி மீன்தானே?"

"எங்க ஏரி மீனுதான். உங்ககிட்ட எத்தன வருசமா கெடக்குது? கேன்டீன்காரன் ஒருக்கா ரெண்டு மீனப் புடிச்சானே, அவன என்ன கத்து கத்துனீங்க! யாரும் திங்கக் கூடாதுன்னு போர்டு வெச்சது யாரு?"

போர்டு அவள் தலைக்குப் பின்னாலேயே இருந்தது. 'இந்த மீன்கள் உண்பதற்கு அல்ல.' நான் எழுதி மாட்டியதுதான்.

"ஏரியில விட்டா அது முதுகுல போர்டு இருக்குமா சார்? என் வலையிலதான் மறுபடி விழும். நான்தான் சந்தைக்குக் கொண்டு போவேன். எவ வீட்டுக் கொழம்புல கொதிக்குமோ."

இத்தனை நாளும் இது எனக்குத் தோன்றவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. நேராக ஜி.எம். அறைக்குப் போனேன். அவர் டை கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், மீனை ஏரியில விட வேண்டாம்."

"பேனர் கட்டியாச்சு. அவங்க வந்துட்டே இருக்காங்க. வெளையாடறியா?"

"அந்த மீனை ஊர்க்காரங்க பிடிச்சுச் சாப்பிடுவாங்க சார்."

"சாப்பிட்டா என்ன? தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்றவர் டையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "பழனி, தினமும் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறது யாரு? நீதானே? தண்ணி நல்லதுன்னா மீனும் நல்லது. மீன் கெட்டதுன்னா இத்தன நாளா நீ எதுல கையெழுத்துப் போட்ட?"

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அன்றைக்கு அது நான்தான். என் ரிப்போர்ட் பொய் இல்லை. என் போர்டும் பொய் இல்லை. இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறேன். ஒன்றை விட்டுக்கொடுத்தால் வேலை போகும், மற்றதை விட்டுக்கொடுத்தால் யார் வீட்டுப் பிள்ளையோ சாப்பிடும்.

"சார், தண்ணி தொட்டியைக் கடந்து போயிடுது. மீன் அதுக்குள்ளயே கெடக்குது. கொஞ்சங்கொஞ்சமா அது உடம்புல என்ன சேர்ந்திருக்குன்னு நான் சோதிச்சதில்ல. சோதிக்காததுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது." அதோடு நிற்காமல் கேட்டேன். "நம்ம கேன்டீன்ல இன்னிக்கு அதையே கொழம்பு வைக்கச் சொல்லட்டுமா? வர்றவங்களுக்கும் போடுவோம். நீங்க சரின்னா விட்டுடலாம்."

செக்யூரிட்டி போன் அடித்தான், கார் வந்துவிட்டது என்று. "பேனரைக் கழட்டச் சொல்லு. அவங்க கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ. ஆர்டர் போச்சுன்னா உன்ன நான் பாத்துக்கறேன்" என்றபடி வெளியே நடந்தார்.

வந்தவர்கள் ஏரிக்கரையில் வேப்பங்கன்று நட்டார்கள். மீன் எங்கே என்று ஒருவர் கேட்டார். அவை எங்கள் கருவி, கருவியை ஏரியில் வீசமாட்டோம் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். ஆர்டர் வந்தது. ஜி.எம். மட்டும் வெகு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மீன்களைப் போர்வெல் தண்ணீர் நிரப்பிய வேறொரு தொட்டிக்கு மாற்றினேன், சாகிற வரை இருக்கட்டும் என்று. மஞ்சுளாவே பிடித்து மாற்றிக் கொடுத்தாள். "கொல்லவும் மாட்டீங்க, விடவும் மாட்டீங்க. நல்ல பொழப்பு சார் உங்குளுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

3. தூக்குப் பாத்திரம்

விஷயம் அதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'கம்பெனி மீனுல விஷமாம், அதனாலதான் விடலையாம்' என்று கிளம்பிய பேச்சு, ஊர் போய்த் திரும்பும்போது 'ஏரி மீனுலயே விஷமாம்' என்று ஆகிவிட்டது. சந்தையில் மஞ்சுளாவின் கூடைப் பக்கம் ஆள் போகவில்லை.

ஒரு நாள் மதியம், ஷிப்ட் மாறுகிற நேரம். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் கூட்டம். மஞ்சுளா தூக்குப் பாத்திரத்தோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். ராகிக் களியும் கெண்டைக் குழம்பும்.

"ஏரி மீனு. காலையில புடிச்சது. சாப்புடுங்க சார், எல்லாரும் பாக்கட்டும்."

எங்கள் ஆட்கள், ஊர் ஆட்கள், எல்லோர் கண்ணும் என் மேல்.

"இதையும் நான் சோதிச்சதில்லம்மா" என்றேன் மெதுவாக.

"நாங்க தெனமும் சோதிக்கறோம். என் புள்ளைங்க ரெண்டும் இதத் தின்னுதான் வளருது. மழை வந்தா உங்க தண்ணி எங்க ஏரிக்குத்தானே வருது? நல்ல தண்ணின்னு கையெழுத்துப் போட்டுத்தானே விடறீங்க?"

ஜி.எம். கேட்ட அதே கேள்வி. அவருக்கு மீனைக் காட்டிப் பதில் சொல்லிவிட்டேன். இவள் கேட்பது தண்ணீரைப் பற்றி. தொட்டி மீனை ஏரியில் விடாமல் காப்பாற்றிவிட்டதாக நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். தண்ணீரை மட்டும் மழைக்கு மழை விட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"நான் சாப்பிட்டா ஏரி சுத்தம்னு அர்த்தம் ஆயிடாதும்மா. நீ சாப்பிடறத நானும் சாப்பிடறேன், அவ்வளவுதான்" என்றேன்.

களியைப் பிட்டுக் குழம்பில் தொட்டேன். சட்டென்று வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கை நடுவில் நின்றுவிட்டது. நான் சுத்தம் செய்த தண்ணீர், நான் கையெழுத்துப் போட்ட தண்ணீர், அதை என் கையே நம்பவில்லை. மஞ்சுளா அதைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. பிறகு சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். நல்ல ருசி.

ஆர்.ஓ. ஓட ஆரம்பித்ததும், மீதித் தண்ணீரையெல்லாம் பிளேட்டிங் லைனுக்கே திருப்ப வேண்டும், வாய்க்காலுக்குச் சொட்டுகூடப் போகக் கூடாது என்று ஜி.எம்.மிடம் போய் நின்றேன். செலவு என்றார். மறுபடி போனேன். வாய்க்கால் மதகைச் சிமென்ட் வைத்து அடைக்கும்வரை அவர் என்னைச் சும்மா திட்டவில்லை, பேர் சொல்லித் திட்டினார். திட்டட்டும். ஏனென்றால் அந்த டீக்கடை நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் வாங்குவது மஞ்சுளாவிடம்தான்.

பிள்ளைகளே, சட்டம் சொல்லும் அளவைப் படியுங்கள், மீட்டரை ஒழுங்காகப் பாருங்கள். அதற்குப் பிறகும், நீங்கள் விடும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் பிடித்த மீனை வாங்கி உங்கள் வீட்டில் சமைக்கச் சொல்லுங்கள். முதல் வாய் எடுக்கும்போது கை நின்றால், வேலை இன்னும் முடியவில்லை.