அண்ணன் பறியில் விழுந்த இறால்

எல்லம்மாவைப் பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை, "இன்னாமே, சேத்து நாத்தம் குடலைப் புடுங்குது" என்று மூக்கைப் பிடித்தான். அவள் அவன் குடுமியைப் பற்றி இழுத்துப் போய் ஏரிச் சேற்றில் முகத்தை அமுக்கி எடுத்துவிட்டு, "இப்ப பழகிப் போச்சா மாமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எந்த மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள் என்கிற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக் கொடி ஏற்றியிருந்த காலம் அது. கோட்டைக்கு எதிர்க்கரையில் இருந்த எல்லம்மாவின் குப்பத்தில் யாருக்கும் வலை கிடையாது, தோணி கிடையாது. கைதான் வலை. இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்து, அடிச் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி விஷயத்தில் அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு பெண் தான் பிடித்ததைத் தன் பறியில் போடலாம், புருஷன் பறியில் போடலாம். கூடப் பிறந்தவனாகவே இருந்தாலும் வேறு ஆண்பிள்ளையின் பறியில் போடக் கூடாது. போட்டவள் அவனோடு குடும்பம் நடத்துகிறாள் என்றுதான் பொருள்.

வடக்கே மழை பொய்த்த வருஷம், பஞ்சம் பிழைக்க வந்தவர்களைக் கங்காணிகள் கூட்டங்கூட்டமாகக் கோட்டையின் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஓட்டி வந்தார்கள். அதில் ஒருவன் ஓபுலு. காளவாயில் மயங்கி விழுந்தவனைக் கங்காணி எழுப்பிய விதத்தில் முதுகுத் தோல் பிய்ந்து தொங்கியது. ஓடிவந்து கோரைக்குள் கிடந்தான். இறால் தடவிக்கொண்டு போன எல்லம்மாவின் கையில் அவன் கால் சிக்கியது.

"இறாலுக்குப் போனவ ஆளைப் புடிச்சிக்கினு வந்துட்டாடா" என்று குப்பமே சிரித்தது. அவள் அவனுக்கு மஞ்சள் அரைத்துப் பூசினாள், கஞ்சி ஊற்றினாள், காயம் ஆறியதும் தண்ணீரில் இறக்கித் தடவக் கற்றுக்கொடுத்தாள். அவனையே கட்டிக்கொண்டாள். பவுனு பிறந்தாள். அவன் எப்போதும் இவளுக்கு இடது பக்கம் முட்டி போடுவான். இவள் கைக்கு அகப்படுவதெல்லாம் இடது பக்கம் அவன் பறிக்குத்தான் போகும்.

பவுனு ஓடித் திரிகிற வயதில் அந்த உத்தரவு வந்தது. காளவாய்க்கும் வெடிமருந்துக் கொட்டடிக்கும் இனி ஆள் வேண்டாம். கோட்டை கொடுத்த ஈய வில்லை கழுத்தில் இல்லாத வெளியூரான் எவனாக இருந்தாலும் பிடித்துக் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்கு அடிமையாகக் கப்பலேற்றிவிட வேண்டும். உள்ளூரில் பெண் கட்டியிருந்தாலும் விதிவிலக்கு இல்லை. கோட்டைச் சமையலுக்கு இறால் கொடுப்பவர்கள் என்பதால் குப்பத்தாருக்கு மட்டும் வில்லை இருந்தது. எல்லம்மாவின் அண்ணன் மாசிலாமணியும் வாங்கியிருந்தான். அவனைப் போன புயல் கொண்டுபோய்விட்டது. வில்லை வீட்டில் கிடந்தது.

அதைக் கயிற்றில் கோத்து ஓபுலுவின் கழுத்தில் கட்டினாள். "இன்னியிலேர்ந்து நீ மாசிலாமணி. எனக்கு அண்ணன். வாயத் தொறந்தா தெலுங்கு கொட்டும், அதனால நீ ஊமை."

"பகல்ல அண்ணா. ராத்திரிக்கி?"

"ஊமைக்கு இன்னா கேள்வி?" என்று அவன் தலையில் குட்டினாள்.

சேவகர்கள் வந்தது நடுப்பகலில். துப்பாக்கியோடு இரண்டு வெள்ளைக்காரர்கள், தடியோடு ஏழெட்டு உள்ளூர் ஆட்கள், அவர்களுக்கு வழிகாட்டியாகப் பெரியசாமி. ஏரியின் மறுகோடிக் குப்பத்துக்காரனான அவனும் தடவிப் பிழைத்தவன்தான். கோட்டையில் சேர்ந்ததிலிருந்து தலைப்பாகை கட்டுகிறான். குடிசைகளின் கூரையைப் பிடுங்கி எறிந்து தேடினார்கள். வில்லை இல்லாத ஒருவன் மரத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றான். அவன் கைவிரல்களை மரத்தோடு வைத்தே தடியால் நசுக்கி எடுத்தார்கள்.

ஓபுலு வில்லையைத் தூக்கிக் காட்டினான். பெரியசாமி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாருமே இவன்?"

"எங்கண்ணன் மாசிலாமணி."

"அவன் வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?"

"காய்ச்சல்ல நாக்கு செத்துப் போச்சி. வேணும்னா உள்ள கைய வுட்டுப் பாரு. கடிக்காது."

பெரியசாமி முறைத்தான். "வாய் ஊமைன்னா கை பேசட்டும். எறங்கித் தடவச் சொல்லு. நீயும் எறங்குமே, கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரும் தடவுங்கோ. நம்ம சனமா இல்லியான்னு எனக்குத் தெரியும்."

இருவரும் இறங்கினார்கள்.  ஓபுலு பறியைக் கடித்த கடியும், முட்டியை நகர்த்திய நகர்த்தலும், சேறு கலங்காமல் விரலை விட்ட விதமும் பிறவிக் கைக்காரனைப் போலவே இருந்தன. பெரியசாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெள்ளைக்காரனிடம் திரும்பி, போகலாம் என்று கையைக் காட்டினான்.

எல்லம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்த அந்த நேரம் பார்த்து விரலுக்கு நல்ல முழு இறால் ஒன்று அகப்பட்டது. பிடித்தாள். கை தானாக இடது பக்கம் போனது. ஓபுலுவின் பறிக்குள் இறால் விழுந்து துள்ளியது.

நடையைக் கட்டிய பெரியசாமி நின்றான். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஏம்மே, உங்க ஊட்ல இறாலை அண்ணன் பறியிலயா போடுவீங்கோ?"

கரையில் நின்ற குப்பத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"கை தவறிடுச்சி" என்றாள்.

"தவறலமே. பழகிப் போச்சி." வெள்ளைக்காரனைப் பார்த்து, "தொரே, இவன் அண்ணன் இல்ல, புருசன்" என்று கத்தினான்.

சேவகர்கள் தண்ணீரில் குதித்தார்கள். எல்லம்மா அவர்களைத் தாண்டிப் பெரியசாமி மேல் பாய்ந்தாள். தலைப்பாகை ஒரு பக்கம் பறக்க, அவன் இடது காதைக் கடித்தாள். பறிக் கயிறு கடித்து உரமேறிய பற்கள். துப்பாக்கிக் கட்டை விலாவில் இறங்கியது, விடவில்லை. இரண்டாவது அடியில் விட்டாள், காதில் பாதி அவள் வாயோடு வந்தது. மூன்றாவது அடிக்குக் கட்டை ஓங்கியபோது ஊமை அண்ணன் தன் தெலுங்கில் அலறினான். அதற்கு மேல் யாரும் எதுவும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. விழுந்த அடியில் ஓபுலுவின் மண்டை பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. கைகளைப் பின்னால் கட்டிப் படகில் வீசினார்கள்.

படகு நகர்ந்ததும் எல்லம்மா எழுந்து ஓடினாள். இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. விளிம்பை எட்டிப் பிடித்துவிட்டாள். துடுப்பால் விரல்களில் அடித்தார்கள். ஒரு விரல் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. "என்னையும் ஏத்துடா! நானும் வெளியூருதான்டா, ஏத்துடா!"

ஓபுலு எதையோ கத்தினான். அவளுக்குக் காதில் ஏறவில்லை. அவன் மறுபடியும் கத்தினான், தலையால் கரைப் பக்கம் காட்டினான். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவன் உடம்பை வளைத்து, கட்டாமல் விட்டிருந்த காலைத் தூக்கி, அவள் முகத்தில் ஓங்கி உதைத்தான்.

தண்ணீருக்குள் போய் வெளியே வந்தவளுக்கு உலகமே எரிந்தது. அத்தனை பேர் அடித்தது வலிக்கவில்லை, இது வலித்தது. "பாவி!" என்று கத்த வாயைத் திறந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பினாள். அம்மாவின் பின்னாலேயே தண்ணீரில் இறங்கி வந்த பவுனுவின் கை மட்டும் வெளியே தெரிந்தது. அதுவும் உள்ளே போனது.

எல்லம்மா மூழ்கினாள். கலங்கிய சேற்றில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. முறிந்த விரலோடு அடியைத் தடவினாள். கோரை, கல், கோரை. பிறகு முடி.

கரையில் குப்புறப் போட்டு முதுகில் அடித்தாள். நின்றிருந்த பெண்கள் கிட்ட வர, எட்டி உதைத்தாள். குழந்தை தண்ணீரைக் கக்கிவிட்டு அழக்கூடத் தெம்பில்லாமல், "நைனா ஒன்ன ஒதச்சிச்சி" என்றது.

"ஆமாண்டி. ஒதச்சிச்சி."

அவள் நிமிர்ந்தபோது படகு முகத்துவாரத்தைத் தாண்டிக் கப்பலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கப்பலேறியவன் கரையேற மாட்டான், கருமாதி பண்ணித் தாலியை இறக்கு என்று சொல்ல வந்த ஊர்ப் பெரியவரின் முன்பல் இரண்டைக் கஞ்சி கிண்டுகிற துடுப்பால் பெயர்த்தாள். ஊர் அவளைத் தள்ளி வைத்தது. தன் வில்லையை அறுத்து ஏரியில் வீசியவள், முறிந்த விரல் மடங்காமலே தனியாகத் தடவி மகளை வளர்த்தாள். கோட்டையில் ஆள் பிடித்துக் கப்பலுக்கு வரிசை கட்டும் செய்தி வரும்போதெல்லாம், கழுத்தில் வெறும் தாலியோடு, பவுனுவை இழுத்துக்கொண்டு போய் அந்த வரிசையில் நின்றாள். வெளியூர்க்காரி என்று சாதித்தாள். ஒவ்வொரு தடவையும் பெரியசாமி தலைப்பாகையை இடது பக்கம் இறக்கி விட்டுக்கொண்டு வந்து அவளை வெளியே இழுப்பான்.

"இவ வெளியூரு இல்ல தொரே. எனக்கு நல்லாத் தெரியும். உள்ளூருதான்."

"இன்னொரு காது மீதி கீதுடா" என்பாள் எல்லம்மா. "கிட்ட வா."

அடுத்த கப்பலுக்கும் போய் நின்றாள்.