சூடு பார்த்து ஐஸ் கொடுப்பவர்

தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, சுவரிலிருக்கும் காலண்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் அதை மாட்டுவார் சம்பங்கி. ஐந்து நிமிடம் வீட்டில் ஒருவரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. "வாயத் தொறந்தா அதுவும் ஆவிதான்" என்பது அவர் கட்சி. பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணை இடுக்கி, "இருபத்தேழு" என்று தீர்ப்பு வாசிப்பார். நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் மைசூர் மைன்ஸ் என்ற பழைய சுரங்கத்தின் தொழிலாளர் லைன் வீடுகளில் பகல் பதினொரு மணிக்கு இது நடக்கும். துணியின் ஈரம் காயாத அளவுக்குப் புழுங்கும் வீட்டில் பாதரசம் இறங்காது. எந்த வீட்டில் புழுக்கம் அதிகமோ அந்த வீட்டுக்கு முதல் பழ ஐஸ். அவருடைய ஃப்ரீசரில் பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளருக்குத்தான் இடம். லைனில் நாற்பது வீடு. தர்பூசணி, மாம்பழம், கறுப்புத் திராட்சை, அவ்வளவே. சர்க்கரை இல்லை, சாயம் இல்லை. "கடையில விக்கிறது நாக்குக்கு பெயின்ட் அடிக்குது. இது பழம். குளுந்து போன பழம்" என்பார். தோல் சீவி, கொட்டை எடுத்து, அரைத்து, வடிகட்டி, டம்ளரில் ஊற்றிக் குச்சி நடுவது அவர் மனைவி எல்லம்மா. விஞ்ஞானம் மட்டும் சம்பங்கியுடையது.

இளவயதில் அவர் சுரங்கத்துக்குக் குளிர்காற்று அனுப்பும் பிளான்ட்டில் ஹெல்பர். ஆழத்து லெவல்களில் பாறையே சுடும். சுரங்கம் மூடியபின் இருபது வருஷம் ரயிலேறிப் பெங்களூரு போய் ஏசி மெக்கானிக். ஊரில் தண்ணீர் லாரி வந்தால் முதல் குடம் யாருடையது, திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்பதையெல்லாம் சாதியும் கட்சிக்கொடியும் தீர்மானிப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வெறுத்துப்போயிருந்தது. பாதரசத்துக்கு யாருடைய தாத்தாவையும் தெரியாது. அதனால் அதை நடுவராக்கினார். நோட்டில் எழுதும் புழுக்கப் பட்டியலில் ஒருநாள் ஒரு வரி தப்பினாலும் தன் மானம் போயிற்று என்று நினைக்கிற மனிதர்.

போன வாரம் காண்ட்ராக்டர் ரவிகுமார் டிரைவரை அனுப்பி, விருந்தாளிகளுக்குப் பன்னிரண்டும் வேண்டும் என்றார். சம்பங்கி மறுக்கவில்லை. தெர்மாமீட்டரோடு அதே காரில் ஏறிப் போய், அவருடைய ஏசி ஹாலில் மாட்டினார். பதினேழு. "உங்க ஊட்ல வச்சா ஐஸுக்கே சளி புடிக்கும் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தே திரும்பினார்.

இந்தச் செய்தி பரவியதும் லைனுக்கு ஒன்று விளங்கிவிட்டது: சிபாரிசு எடுபடாது, சூடுதான் எடுபடும். மறுநாளே பாக்கியவதி கொதிக்கும் இட்லிப் பானையை மூடி திறந்து தெர்மாமீட்டருக்கு அடியில் வைத்தாள். இன்னொரு வீட்டில் கொர்னேலியஸ் தெர்மாமீட்டரையே எடுத்து அக்குளில் செருகிக்கொண்டார். முப்பத்தைந்து.

"இது ஊட்டுச் சூடு இல்லப்பா, உன் சூடு. டாக்டராண்ட போ" என்றார் சம்பங்கி.

வெள்ளிக்கிழமை பார்த்தால், ஏப்ரல் வெயிலில் லைன் முழுக்க ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. குளிர்ச்சியாக ஒன்று தின்பதற்காக ஜனங்கள் வீட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். நளினி வீட்டில் இரண்டு அடுப்பிலும் அண்டா கொதித்தது. அவள் மாமனார் கண் செருகிச் சுவரோடு சாய்ந்திருந்தார். சம்பங்கி ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்து, கிழவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"இன்னாம்மா இது? ஒரு குச்சி ஐஸுக்கு ஊட்டோட வெந்துகினு கீறீங்க?"

"உங்க சட்டம்தான மாமா. வெந்தாத்தான குடுக்குறீங்க?"

"இனிமே அடுப்புச் சூடு கணக்குல வராது. அணைச்சு அரைமணி கழிச்சுதான் மாட்டுவேன்."

"அடுப்புச் சூடு சூடு இல்லியா?" நளினி ஆணியிலிருந்து தெர்மாமீட்டரை உருவினாள். "அடுப்பாண்ட நின்னு பாத்தவங்கள கேக்கணும். வாங்க, உங்க ஊட்டு சமையல் ரூம்ல மாட்டலாம்."

சம்பங்கி தன் வீட்டை ஒருநாளும் அளந்ததில்லை. அளப்பவன் வீடு பட்டியலில் வரக் கூடாது, அதுதான் நேர்மை என்று எண்ணியிருந்தார். நளினி முன்னால் போக, அவர் பின்னால் போக, அவருக்குப் பின்னால் பாதி லைன் போயிற்று.

ஆறடிக்கு ஆறடி சமையலறை. எல்லம்மா அடுப்பில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், இருந்த ஒரே ஜன்னலையும் அடைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் நின்றது. பன்னிரண்டு டம்ளரிலிருந்தும் உறிஞ்சிய சூடு, அதன் பின்பக்கக் கம்பிகள் வழியாக அந்த அறைக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. ஊரார் ஆபீஸுகளில் இருபது வருஷம் சூட்டைக் குழாய் வைத்து வெளியே தள்ளிய மனிதர் அவர்.

நளினி தெர்மாமீட்டரை அங்கே மாட்டி ஐந்து நிமிடம் காத்தாள். களி மட்டும் கொப்பளித்தது.

"முப்பத்து மூணு" என்று வாசித்தாள் நளினி.

சம்பங்கி துணியை மறுபடி நனைத்து, மறுபடி மாட்டினார். முப்பத்து மூன்றரை.

"யாரும் அக்குள்ள வைக்கலியே அண்ணா" என்றார் கொர்னேலியஸ், வாசற்படியிலிருந்து.

சம்பங்கி நோட்டைத் திறந்தார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் முதல் வரியாக எல்லம்மா என்று எழுதினார். ஃப்ரீசரிலிருந்து மாம்பழ டம்ளரை எடுத்து, தண்ணீரில் முக்கி, ஐஸை உருவி நீட்டினார்.

எல்லம்மா கிண்டுவதை நிறுத்தவில்லை. "இது ஒண்ணுத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? மொதல்ல இந்தப் பொட்டிய நவுத்துங்க. முதுவு வேவுது."

"எங்க நவுத்துறது?"

"உங்க கட்டிலாண்ட."

சம்பங்கியும் கொர்னேலியஸும் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார்கள். சம்பங்கி பகலில் படுக்கும் கட்டிலின் தலைமாட்டில், கம்பிகள் சுவரைப் பார்த்திருக்க, அதை இறக்கினார்கள். அடுப்பை அணைத்துவிட்டு எல்லம்மா வந்தாள். ஐஸை வாங்கி ஒரு கடி கடித்தாள்.  பிறகு குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஃப்ரிட்ஜைப் பிடித்து, கம்பிகள் தலையணையைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.