ஸெலீக்குத் தெரிந்த பிரெஞ்சு

ஸெலீயின் அப்பா யூலிஸ் கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையில் சிங்கி இறால் பிடிப்பவர். படகோடும் நாயோடும் பேத்தியோடும் அவர் பேசுவது பிரெஞ்சுதான். அம்மா ஆங்கிலக்காரி. அதனால் ஸெலீயை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பினார்கள். அப்பா பேசியதில் காதில் விழுந்தது மட்டும் அவளிடம் தங்கியது. பிறகு அவள் மணந்த வேட் என்பவனுக்கு அந்த மொழியில் நன்றி சொல்லக்கூட வராது.

மகள் மார்கோவைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்க்க ஸெலீக்கு ஆசை. ஆனால் பெற்றோர் பிரெஞ்சில் படிக்காத இந்த மாதிரிக் குடும்பங்களுக்கு நேரடி இடம் கிடையாது. பள்ளி வாரியத்தின் குழு தாயையும் பிள்ளையையும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதை நினைத்தே அவள் வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

குழுவில் தலைமையாசிரியர், ஓர் ஆசிரியை, வாரியத்திலிருந்து வந்த எட்வீஜ் அம்மாள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் மார்கோ மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸெலீ மனப்பாடம் செய்து வந்த வாக்கியங்களில் ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டாள்.

"மன்னிச்சிருங்கம்மா, எனக்கு எழுதத் தெரியாது. காத்து, மீனு, வலை பத்திப் பேசுவேன். அப்புறம் எங்கப்பா மாதிரி நல்லாத் திட்டுவேன்" என்றாள், அந்தக் கரையின் கொச்சைப் பிரெஞ்சில்.

எட்வீஜ் பேனாவைக் கீழே வைத்தார். "திட்டவா? எப்படித் திட்டுவாரு உங்க அப்பா?"

ஸெலீ நெளிந்தாள். அதற்குள் மார்கோ தலையைத் தூக்கி, படகு எஞ்சின் கிளம்பாதபோது தாத்தா சொல்வதை அதே ராகத்தில், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

தலைமையாசிரியர் இருமினார். எட்வீஜ் கண்ணீர் வரச் சிரித்தார். "எங்க மாமாவும் இதையேதான் சொல்வாரு. இந்தப் புள்ளைக்கு மொழி தெரியலன்னு யாரு சொன்னது? செப்டம்பர்ல கூட்டிட்டு வாங்க. அந்த வார்த்தைய மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வரச் சொல்லுங்க."

ஸெலீ மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியில் காத்திருந்த வேட் அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன சொன்னாங்க?"

"சேத்துக்கிட்டாங்க."

அவன் மூச்சை விட்டான். "அப்போ இனி ரெண்டு பேரும் என் முன்னாடியே என்னைப் பத்திப் பேசுவீங்க, எனக்கு ஒண்ணும் புரியாது."

"இப்ப மட்டும் என்னவாம்? இங்கிலீஷ்லயே பேசிக்கிட்டுத்தான் இருக்கோம், நீதான் கவனிக்கிறதில்ல."

வழியில் கடையொன்றில் நிறுத்தி வறுத்த சிப்பி வாங்கினார்கள். ஸெலீ தன் பங்கைத் தின்று, மகளுடையதிலும் பாதியை எடுத்துக்கொண்டாள்.