தானாக மடியில் ஏறிய அணில்

போன வருடம், ஏப்ரல் மாதச் சுற்றுலாக் கூட்டமெல்லாம் கலைந்து நுவரெலியா மறுபடியும் அமைதியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நகரத்தின் நடுவில் இருக்கும் பூங்காவில்தான் அது நடந்தது. பிள்ளைகளே, இதை முக்கியமாக நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பக்கத்துத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மகனுக்கு அப்போது பத்து வயது, மகளுக்கு ஆறு. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குச் சாமான் வாங்க வந்தால், பூங்காவுக்குப் போகாமல் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. எல்லாம் அணில்களுக்காக. காலையில் சுட்ட ரொட்டியில் பாதியைச் சாப்பிடாமல் எடுத்து வைப்பார்கள். கொய்யாப்பழம் கிடைத்தால் அதுவும் பைக்குள் போகும். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்கட்டும் என்று ஒரு மரத்தடியில் தேங்காய்ச் சிரட்டை கூட வைத்திருந்தார்கள். அந்த அணில்கள் நல்ல கள்ளன்கள். ஓடி வரும், ஒரு துண்டைக் கவ்வும், மரத்தில் பாதித் தூரம் ஏறி நின்றுதான் நம்மைத் திரும்பிப் பார்க்கும். ஒருநாளும் கையில் அகப்படாது.

அன்றைக்கு வந்த அணில் அப்படி இல்லை. நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தது. மகள் காலில் போட்டிருந்த சப்பாத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு மகனின் காலில் ஏறி மடியில் உட்கார்ந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் போனை எடுத்துக்கொண்டு கூடிவிட்டார்கள்.

"அப்பா, நம்ம வீட்டுப் பூன மாதிரி ஒக்காந்திருக்கு பாருங்க!" என்றான் மகன்.

"பின்ன? வாராவாரம் சோறு போட்ட ஆள அதுக்குத் தெரியாதா?" என்றேன். எனக்கும் பெருமைதான்.

மகன் நிலக்கடலையை நீட்டினான். அது கடலையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் விரலைக் கடித்தது. கடித்துவிட்டு ஓடவும் இல்லை, அப்படியே தொங்கியது. அவன் அலறிக்கொண்டு கையை உதற, கீழே விழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து புல்லுக்குள் போய்விட்டது.

இரத்தம் கொட்டியது. நான் ஓடிப்போய்ப் பூங்காவில் இருந்த தேநீர்க் கடையில் ஒரு கை தேயிலைத் தூள் வாங்கி வந்து, காயத்தில் வைத்து அழுத்திக் கைக்குட்டையால் கட்டினேன். எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டாலும் கண்ணாடி கிழித்தாலும் அதுதான் முதல் மருந்து. இரத்தம் நின்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு முஸ்லிம் தாய் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து வேகமாக வந்தார்.

"அண்ணே, புண்ணுல என்ன வச்சீங்க?"

"தேயிலத் தூளுங்க. இப்ப சரியாப் போயிரும்."

"ஐயோ, அத மொதல்ல கழுவுங்க!"

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மகனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், தன் பையில் இருந்த சவர்க்காரத்தை நுரை வரத் தேய்த்து அந்த விரலைக் கழுவிக்கொண்டே இருந்தார். அவன் வலியில் துள்ளியும் விடவில்லை.

"அணில் தானேங்க? நாயா, பயப்பட?" என்றேன்.

"அணில் எங்கயாச்சும் தானா வந்து மனுசன் மடில ஏறுமா? அதுக்கு என்னமோ சொகமில்ல. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குப் பாக்கலாம்னு மட்டும் இருந்துராதீங்க." அவரே வாசலில் ஒரு திரீவீல் ஆட்டோவை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். அப்போதும் என் மனதுக்குள், இந்தத் தங்கச்சி சும்மா பயப்படுகிறது என்றுதான் ஓடியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிரிக்கவில்லை. அணில் எப்படி வந்தது, எப்படி நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாதாரணமாக அணில் கடியில் அவ்வளவு பயமில்லையாம். ஆனால் காட்டுப் பிராணி பயமில்லாமல் கிட்ட வந்து, தள்ளாடி, காரணமில்லாமல் கடித்தால் விசர் நோயாக, அதாவது வெறிநாய்க்கடியில் வரும் அதே நோயாக இருக்கலாமாம். அந்த நோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லையாம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்றுவது முடியாத காரியம், அதற்கு முன்னால் ஊசி போட்டால்தான் பிழைப்பு என்றார். மகனுக்குக் காயத்தைச் சுற்றியும் கையிலும் ஊசி போட்டார்கள்.

எல்லாம் முடிந்து எழுந்தோம். ஊசி போட்ட தாதி, சிங்களப் பெண், என் மகளைப் பார்த்துத் தெரிந்த தமிழில் கேட்டார்:

"பாப்பாக்கும் கடிச்சதா?"

"இல்ல மிஸ், மகனுக்கு மட்டுந்தான்," என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

தாதி என்னைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு இருந்தார். மகள் ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்து வைத்துக்கொண்டு நின்றாள். குளிருக்குத்தான் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன். அவள் உதடு துடித்தது. தாதி மெதுவாக அந்த ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றினார்.

கட்டைவிரலில் இரண்டு சின்னப் பல் தடம். அதன் மேல் கறுப்பாகத் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது.

சப்பாத்தைச் சுற்றி வந்தபோதே, தடவிப் பார்க்கக் கையை நீட்டிய அவளை அது கடித்திருக்கிறது. அண்ணனுக்கு நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது பெஞ்சில் சிந்திய தூளை அள்ளித் தானும் அப்பிக்கொண்டாள். அப்பா செய்தால் சரியாகத்தானே இருக்கும்!

"ஏன்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா… இனி அணில் பாக்கக் கூட்டிட்டு வர மாட்டீங்கல்ல."

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகனைக் காப்பாற்றிவிட்டேன் என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக இருந்தவன் நான். அந்தத் தாதி காயத்தைக் கழுவி, அவளுக்கும் ஊசி போட்டார். அவள் அழுதது வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அந்தச் சத்தம் கோயில் மணி மாதிரி இருந்தது.

மிச்ச ஊசிகளையும் ஒன்று விடாமல் போட்டோம். இரண்டு பேரும் இன்றைக்கு நன்றாக இருக்கிறார்கள். அந்த அணில் மறுநாள் செத்துக் கிடந்ததாகப் பூங்காவில் வேலை செய்பவர் சொன்னார். என்ன நோயென்று எங்களுக்குத் தெரியவில்லை. மகன் அதற்காகவும் அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னும் பூங்காவுக்குப் போகிறோம். ஆனால் தூரத்தில் நின்றுதான் பார்க்கிறோம்.

பிள்ளைகளே, எது கடித்தாலும், எது கீறினாலும், திட்டு விழும் என்று தெரிந்தாலும், வீட்டில் சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் மகளைப் பற்றி அவளை முந்திக்கொண்டு பதில் சொன்ன அந்த ஒரு நொடியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால் இப்போதெல்லாம் யாராவது என் பிள்ளைகளிடம் எதையாவது கேட்டால், நான் வாயை மூடிக்கொண்டு அவர்கள் பேசும் வரைக்கும் காத்திருக்கிறேன்.