மூன்று பூட்டுப் பெட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு போர் நடந்தது. சரித்திரப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. எழுபதுகளின் நடுவில், மாரியம்மன் திருவிழா அன்று, ரதம் முதலில் தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயத்துக்குப் போவதா கீழ் லயத்துக்குப் போவதா என்ற பேச்சில் தொடங்கி பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆறு மண்டை உடைந்தது, ஒரு மேளம் கிழிந்தது, ரதத்தின் சக்கரம் ஒன்று தேயிலைச் சரிவில் உருண்டு ஓடைக்குப் போய்விட்டது. கீழே தானா ராத்தா டவுனிலிருந்து போலீஸ் வண்டி மலை ஏறி வருவதற்குள் இரண்டு கட்சியும் களைத்துப்போய் ஒரே குழாயில் வரிசையாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மன்தான் பாவம், நடுவழியில் தூறலில் மூன்று சக்கரத்தோடு சாய்ந்து நின்றாள்.

போர் என்னவோ பத்து நிமிடம்தான். அதற்குப் பிறகு வந்ததுதான் இரண்டு வருடம். மேல் லயத்துக்கு ஒரு கமிட்டி, கீழ் லயத்துக்கு ஒரு கமிட்டி. இரண்டுக்கும் தலைவர், செயலாளர், ரப்பர் முத்திரை. இரண்டு பேரும் சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சந்தா வாங்கினார்கள். பயந்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் கட்டின. விவரமான குடும்பங்கள், அங்கே கட்டிவிட்டேன் என்று இங்கேயும், இங்கே கட்டிவிட்டேன் என்று அங்கேயும் சொல்லிவிட்டு பிரிஞ்சாங் சந்தைக்குப் போய்விட்டன.

இதில் உண்மையில் அடிபட்டது மரண சகாய நிதி. வீட்டுக்கு மாதம், எங்கள் நாட்டுக் காசில், ஒரு வெள்ளி. வீட்டில் யாராவது இறந்தால் சவப்பெட்டிக்கும் வண்டிக்கும் காரியத்துக்கும் உடனே காசு கிடைக்கும். தோட்டத்து ஜனங்கள் வேறு எதற்குக் கட்டாவிட்டாலும் அதற்குக் கட்டுவார்கள். போருக்கு முன்னால் சேர்ந்திருந்த அந்தப் பணம் போருக்குப் பின்னால் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரிடம் இருந்ததோ அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான் அப்போது தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேடு எழுதுவது, டைப் அடிப்பது, துரை கேட்டால் ஆமாம் என்பது. துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, அவர்கள் போய் நாளாகியிருந்தது. நம்மூர் மானேஜர்தான். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான்.

அந்தத் துரையின் பங்களாவுக்குக் குளிர் அனுபவிக்க ஒரு விருந்தாளி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். என்ன வேலை என்றால், சண்டை முடிந்த நாடுகளுக்குப் போய், அங்கே கலைந்து கிடக்கும் அரசாங்கக் கஜானாவை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது. இப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். துரை தேநீர் குடிக்கும்போது பேச்சுவாக்கில் எங்கள் போரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மனிதருக்கு விடுமுறை மறந்துவிட்டது. மறுநாளே இரண்டு கமிட்டியையும் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் அடைக்கும் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். நான் மொழிபெயர்ப்பாளன். லயத்தில் அவருக்கு அன்றைக்கே கஜானா துரை என்று பேர் விழுந்துவிட்டது.

அவர் சொன்னதில் இன்றுவரை என்னால் குறை காண முடியவில்லை. பணப்பெட்டி இரண்டு கூடாது, ஒன்றுதான். வசூல் எல்லாம் முதலில் பெட்டிக்குள் போக வேண்டும், பிறகுதான் செலவு. வருடத் தொடக்கத்திலேயே எதற்கு எவ்வளவு என்று எழுதி ஒதுக்கிவிட வேண்டும். பெட்டிக்கு மூன்று பூட்டு. இரண்டு தலைவர்களுக்கும் ஆளுக்கொரு சாவி, மூன்றாவது இரண்டு பக்கமும் சேராத ஆளிடம். கடைசியாக, அவசரத்துக்கென்று ஒரு சிறு தொகை பெட்டிக்கு வெளியே ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது சாவி எனக்கு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் என்மேல் சம அளவு அவநம்பிக்கை. அதுதான் என் தகுதி. அவசரக் காசு விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டது. மேல் லயத்துத் தலைவர் தொழிற்சாலை மண்டோர், அதாவது மேஸ்திரி. கீழ் லயத்துத் தலைவர் மலையில் கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கங்காணி. கங்காணி கையில் கொடுத்தால் மண்டோருக்குச் சம்மதமில்லை, மண்டோர் கையில் கொடுத்தால் கங்காணிக்கு. என் கையில் கொடுத்தால் இரண்டு பேருக்குமே சம்மதமில்லை. மூன்று மணி நேரம் பேசி, கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவசரக் காசைத் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அந்த டின்னை மூன்று பூட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது.

நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது கஜானா துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமாதானம்தான் முக்கியம் என்றார். அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டார்.

பெட்டியைச் செய்தவர் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர். அவர் கீழ் லயத்து ஆள் என்பதால் பூட்டுகளை மேல் லயத்துக்காரர்கள் தானா ராத்தாவுக்குப் போய் வாங்கி வந்தார்கள். பூட்டு ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. பெட்டியை என் மேசைக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். முதல் நாளே நான் ஒன்றைக் கவனித்தேன். முன்னால் மூன்று பூட்டு தொங்குகிறது, பின்னால் கீல்களை வெளிப்பக்கமாக வைத்து நான்கு திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார் பிட்டர். ஒரு திருப்புளி இருந்தால் ஐந்து நிமிடத்தில் மூடி பின்பக்கமாகக் கையோடு வந்துவிடும். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஒருவனுக்குத்தான் தெரியும் என்ற நினைப்பில் எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் நடந்த சமாதானத்தைப் போல ஒரு செலவு பிடித்த காரியத்தை நான் பார்த்ததில்லை. எதுவும் இரண்டு. மேளம் இரண்டு செட், பந்தல் இரண்டு, ஒலிபெருக்கி இரண்டு, ஒரே சமயத்தில் வேறு வேறு பாட்டு. திரிங்காப் பூத்தோட்டத்திலிருந்து அம்மனுக்கு மாலை இரண்டு. நீளத்தைத் தையல்காரரின் டேப் வைத்து அளந்தார்கள். மாதக் கடைசி ஞாயிறு காலை பெட்டி திறக்கும் சடங்கு. யார் முதலில் சாவியைத் திருப்புவது என்ற பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும், மூன்றில் எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மண்டோரின் பூட்டு கொஞ்சம் இறுக்கம். அதனால் எப்போதும் இரண்டாவது தடவை எண்ண வேண்டியிருந்தது.

ஒதுக்கீட்டிலும் அதே சமநிலை. மரண சகாய நிதிக்குக் கீழே அந்த வருடத்துக்கு அவர்கள் என்னை எழுத வைத்தது இதுதான்: மேல் லயத்துச் சாவு மூன்று, கீழ் லயத்துச் சாவு மூன்று. நான் சிரிக்காமல் டைப் அடித்தேன், நகல் இரண்டு எடுத்தேன்.

ஆபீசைக் கூட்டிப் பெருக்க ஒரு அக்கா இருந்தாள். பிறந்தது மேல் லயம், வாழ்க்கைப்பட்டது கீழ் லயம். போரில் அவளுடைய அண்ணனும் கொழுந்தனும் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டபோது இருவருக்கும் கட்டுப் போட்டவள் அவள்தான். காலையில் எங்களுக்கு முன்னாலேயே வந்து, தன்னிடம் இருக்கும் சாவியால் ஆபீசைத் திறந்து, தரை கூட்டி, மேசைகளையும் அந்தப் பெட்டியையும் துடைத்துவிட்டுப் போவாள். அவள் புருஷன் மலையில் மருந்தடிப்பவர். அவருக்கு நெஞ்சு வலி என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். டைப்ரைட்டரில் ஒரு விசை லூசாகிவிட்டது என்று நான் திருப்புளியால் நோண்டிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்து நின்றாள். விடியற்காலையில் அவர் போய்விட்டார் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். சவப்பெட்டிக் கடைக்காரர் காசை வைத்தால்தான் பெட்டி தருவேன் என்கிறார், வேனுக்கும் கொடுக்க வேண்டும். பதினோரு வருடமாக மாதம் தவறாமல் ஒரு வெள்ளி கட்டியவள். அவள் அழவில்லை. என் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் செய்ய வேண்டியதை முறைப்படி செய்தேன். தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். மலை மேல் இருந்த கங்காணிக்குக் கொழுந்து ஏற்றப் போன லோரியில் சொல்லி அனுப்பினேன். கங்காணியிடமிருந்து பதில் லோரியிலேயே வந்தது. கீழ் லயத்துச் சாவு மூன்றும் அந்த வருடம் ஏற்கனவே முடிந்துவிட்டது, அந்தப் பொம்பளை மேல் லயத்தில் பிறந்தவள், மேல் லயத்துக் கணக்கில் இன்னும் இரண்டு சாவு மிச்சம் இருக்கிறது, அதில் எழுதினால் இப்போதே சாவியோடு வருகிறேன் என்றார். மண்டோருக்குத் திரும்பவும் போன் போட்டேன்.

"செத்தது யாரு? கீழ் லயத்து ஆளு. பொண்டாட்டிக்கா பெட்டி வாங்குறோம்? அவங்க கணக்குலயே எழுதிக்கச் சொல்லு லா. நான் எப்பவும் ரெடிதான்."

இரண்டு பேருமே ரெடிதான். நான் இங்கும் அங்குமாக மதியம்வரை பதில் கடத்திக்கொண்டிருந்தேன். அவளிடம் ஒவ்வொரு முறையும் விதியை விளக்கினேன். மரியாதையாகத்தான் பேசினேன், உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும், சரிங்கய்யா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்த மதியம் பொம்பளைகள் ஒரு காலிக் கூடையைக் கீழே வைத்தார்கள். மேல் லயம், கீழ் லயம் என்று யாரும் கேட்கவில்லை. இடுப்பு முடிச்சிலிருந்து வந்ததெல்லாம் கூடையில் விழுந்தது. ஒதுக்கீடு கிடையாது, நகல் கிடையாது. அரை மணி நேரத்தில் சவப்பெட்டிக்குக் காசு சேர்ந்துவிட்டது. கீழே காய்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்த திரிங்காப் தவுக்கே, சீனக் காய்கறி முதலாளி ஒருவர், இறந்தவரைத் தெரியும் என்று சொல்லி, உடலைத் தன் லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வண்டிக் கூலி வாங்கவில்லை. முட்டைக்கோஸ் வாசத்தோடு வீடு வந்து இறங்கினார் அக்காவின் புருஷன்.

அந்த வாரமே மண்டோரும் கங்காணியும் போருக்குப் பிறகு முதல்முறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கமிட்டியின் அனுமதி இல்லாமல், ரசீது இல்லாமல் பெண்கள் வசூல் செய்ததைக் கண்டிக்க. எங்கள் சமாதானத்தின் சரித்திரத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். அக்காவின் பணத்துக்கும் ஏழு வாரத்தில் வழி பிறந்தது. அரைச் சாவை மேல் லயத்துக் கணக்கிலும், மீதி அரையை அடுத்த வருடத்துக் கீழ் லயத்துக் கணக்கிலும் எழுதுவது என்று முடிவானது. அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

பணம் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை கஜானா துரை மறுபடியும் விடுமுறைக்கு வந்திருந்தார். துரை அவரைப் பெருமையோடு ஆபீசுக்குக் கூட்டி வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. பெட்டி திறந்தது. இதுவரை ஒரு காசு குறையவில்லை என்றார் துரை. அது உண்மைதான். அவசரக் காசை எவ்வளவு எடுத்தீர்கள் என்று விருந்தாளி கேட்டார். தொடவே இல்லை என்று நான் மொழிபெயர்த்தேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அக்கா மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கினாள். எல்லோரும் பங்களாவுக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள்.

அவள் போகவில்லை. நோட்டுகளைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள், கூடையில் போட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். முடித்துவிட்டு மூலையிலிருந்து துணியை எடுத்தாள். காலடி மண் பட்டிருந்த பெட்டியைக் குனிந்து துடைத்தபடியே பேசினாள்.

"பின்னால நாலு திருகாணிதானே ஐயா. தெனமும் தொடைக்கிறவளுக்குத் தெரியாதா? அன்னிக்கு உங்க கையில திருப்புளி வேற இருந்துச்சு. நான் எடுத்தா திருட்டு, நீங்க எடுத்தா கணக்கு. எடுப்பீங்கன்னுதான் அவ்ளோ நேரம் நின்னேன்."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் சுடுகிறது. மண்டோரைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், அவர்களிடம் ஆளுக்கொரு சாவிதான் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுங்க ஐயா, பின்னால தொடைக்கணும் என்றாள். நகர்த்திக் கொடுத்தேன்.