சகாயராணி காணாமல் போன கதை

காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது ராஜா டிஜிட்டல். அங்கே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது சகாயராணியின் வேலை. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் சரி, மாப்பிள்ளை எப்போது கொட்டாவி விட்டார், எந்தச் சித்தப்பா இரண்டாவது பந்தியிலும் உட்கார்ந்தார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதையெல்லாம் தடயமில்லாமல் நீக்குவதற்குத்தான் சம்பளம்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. கோவில் கோபுரத்தில் தொடங்கி, பத்திரிகையைக் காட்டி, பெண் வளையல் போடுவதை மெதுவாக ஓடவிட்டு, தாலி ஏறும் நொடியில் நாதஸ்வரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோவாள். கிறிஸ்தவக் கல்யாணமென்றால் கோபுரம் மட்டும் மாறும். ஒரே ஒரு குறை அவளுக்குத்தான் இருந்தது. முடிவில் தங்க எழுத்தில் சுழன்று வரும் பெயர் முதலாளி அழகுராஜாவுடையது. மவுஸைப் பிடித்தாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். பெயர் சுழல்வது மட்டும் நிற்காது.

ஒருமுறை கேட்டும் பார்த்தாள். “அண்ணே, கீழே ஒரு மூலையில சின்னதா என் பேரையும் போட்டுக்கிறட்டா?”

“எதுக்கு ராணி? பொண்ணு வீட்டுக்காரக உனக்குச் சீர் கொண்டுவரணுமா?”

அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள். ஆனால் மறக்கவில்லை.

இப்படியிருக்கையில்தான் சாக்கோட்டைச் சேவுகன் வந்து சேர்ந்தான். இஞ்சினீயரிங் முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல் தாடி வளர்த்துக்கொண்டிருந்த பையன். கண்டனூரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, நண்பர்களை வைத்துப் பேய்ப்படம் எடுத்திருந்தான். சென்னையில் எடிட்டிங் செய்வதாகச் சொன்ன ஆள் போனை எடுக்கவில்லை. அழகுராஜாவிடம் பேசி, முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் சகாயராணியின் கம்ப்யூட்டரைப் பிடித்துவிட்டான்.

சினிமா! படம் என்றால் பெயர் வரும். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு. அந்த நான்காவது சொல்லுக்குப் பக்கத்தில் தன் பெயர் எப்படியிருக்கும் என்று சமைக்கும்போதும் நினைத்துக்கொண்டாள். வெங்காயம் கருகியது.

முழு மூச்சாக உழைத்து முதல் வடிவத்தைப் போட்டுக் காட்டினாள். சேவுகனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. பேயைப் பார்த்து அல்ல.

“அக்கா… பேய் வர்ற இடத்துல ரோஜாப்பூ உதிருது.”

“கல்யாண டிசைன்ல அது தானா வந்துரும் தம்பி. எடுத்துரலாம்.”

“கேமரா ஆடவே இல்லையே?”

“ஆடாமயா? கடல்ல போற மாதிரி ஆடுச்சு. நான்தான் உக்காந்து நிப்பாட்டுனேன். இருட்டாவும் இருந்துச்சு, வெளிச்சம் ஏத்தியிருக்கேன். பாருங்க, பேயாட்டம் நடிச்ச பொண்ணு எம்புட்டு லட்சணமா இருக்கு.”

பேயாக நடித்தது அவன் மாமன் மகள் பாண்டீஸ்வரி. உண்மையிலேயே லட்சணமாகத்தான் தெரிந்தாள். அதுதான் சிக்கல்.

தலையில் கை வைத்துக்கொண்டு சேவுகன் விளக்கினான். இது சாதாரணப் பேய்ப்படம் இல்லை. மூன்று நண்பர்கள் பூட்டிய வீட்டுக்குள் கேமராவோடு போகிறார்கள். ஆட்கள் திரும்பவில்லை, கேமரா மட்டும் கிடைத்தது. அதில் பதிவானதைத்தான் நாம் பார்க்கிறோம். கதையே அவ்வளவுதான். அதனால் ஆட வேண்டும், இருட்டாக இருக்க வேண்டும், பாட்டே கூடாது. முதலில் சும்மா கிண்டலும் கேலியும். பிறகு ஒரு சத்தம். பூனை என்று ஒருவன் சொல்வான். பிறகு சண்டை. ஒருவன் தனியாகப் போவான். கடைசியில் ஓட்டம், கேமரா விழும், விழுந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும்.

“எல்லாப் படமும் இப்படித்தான் போகுமா?”

“ஏறக்குறைய.”

“அப்ப கல்யாணம் மாதிரிதான். என்ன நடக்கும்னு தெரியும், இருந்தாலும் எல்லாரும் போய் உக்காந்திருவாக.” கொஞ்சம் யோசித்தாள். “ஒருத்தன் தனியாப் போறானே, ஏன் போறான்? கேமராவைக் கீழ போட்டுட்டு ஓடுனா என்னவாம்?”

“ஓடுனா படம் முடிஞ்சிரும்ல அக்கா.”

“அது சரி. எங்க வீடியோக்காரப் பயலும் அப்படித்தான். திருப்பத்தூர்ல பந்தல் சரிஞ்சப்பகூட எடுத்துக்கிட்டே நின்னான். கேட்டா, மாமன் மாலை போடுறது இன்னும் பாக்கிங்கிறான்.”

சேவுகன் முதன்முறையாகச் சிரித்தான். அதன்பின் வேலை ஓடியது. ஆட்டத்தைத் திரும்ப ஆடவிட்டாள். வெளிச்சத்தை இறக்கினாள், பாண்டீஸ்வரியின் லட்சணம் போனது. விழுந்த கேமரா எதைப் பார்க்கும் என்பது மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் மறந்து வைத்த கேமராக்கள் பதிவு செய்த கால்களையும் காலி வாசல்களையும் அவள் எவ்வளவோ குப்பையில் போட்டிருக்கிறாள். படத்தின் கடைசியில் ஒரு வாசற்படியை அப்படியே வெறுமனே விட்டாள். ஒன்றுமே நடக்கவில்லை. சேவுகன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

“சரி, பேரெல்லாம் எங்க போடணும்?” என்றாள், முடிந்தவரை சாதாரணமாக.

“பேரு கிடையாதுக்கா.”

“கிடையாதுன்னா?”

“இது கிடைச்ச வீடியோல்ல? இயக்கம் சேவுகன்னு போட்டா பொய்னு தெரிஞ்சிரும். என் பேரும் வராது.”

சகாயராணி எழுந்து போய் டீ வாங்கி வந்தாள், தனக்கு மட்டும். குடித்து முடித்தபின் அவன் பக்கம் திரும்பினாள்.

“ஒரு சந்தேகம் தம்பி. பயலுக மூணு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. கேமராவுல இருந்தது அத்தனையும் துண்டு துண்டு. அதை வரிசையா ஒட்டுனது யாரு? பேயா?”

சேவுகன் தாடியைச் சொறிந்தான்.

“பேய்க்கு இந்தக் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியுமா? தெரிஞ்சா அழகுராஜா அண்ணன் அதையே வேலைக்கு வச்சிருப்பாரு. சம்பளம் கேக்காதுல்ல.”

அவன் அறைக்குள் இரண்டு நடை நடந்தான். நின்றான். கண்கள் பளபளத்தன. “அக்கா, முதல்ல எழுத்து மட்டும் வர்ற ஒரு கார்டு போடுவோம். ‘கண்டனூரில் கிடைத்த இந்தக் காட்சிகளை வரிசைப்படுத்தியவர், காரைக்குடியைச் சேர்ந்த சகாயராணி.’ படத்துல வர்ற ஒரே பேரு அதுதான்.”

அவள் கீபோர்டை இழுத்து அந்த வரியை அடிக்கத் தொடங்கினாள். அது முடிவதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான்.

“ஆனா, அதைத் தொட்ட ஆளு தப்பிச்சா கதை நிக்காதுக்கா. கடைசியில இன்னொரு கார்டு வரணும். நீங்க… இறந்து போயிட்டீக.”

வீட்டில் கணவர் செபஸ்தியான் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே இதைக் கேட்டார். மின்சார வாரியத்தில் லைன்மேன். லேசில் அதிர மாட்டார்.

“உசுரோட இருக்கிறவளைச் செத்துட்டான்னு போடுவானா? கல்லறைத் திருநாளுக்கு உனக்கும் ஒரு மெழுகுவர்த்தி வாங்கணுமா?”

“அது கதைதாங்க.”

“கதைக்கு வேற ஆளு கிடைக்கலயா? பேரே வேணாம்னு சொல்லிரு.”

“இத்தனை வருசமா பேரே இல்லாமத்தான இருக்கேன்.” சகாயராணி சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “யாரு யாரு கல்யாணத்தையோ நான்தான் அழகாக்கிக் குடுத்தேன். எந்த வீட்டுக்காவது நான் ஒருத்தி இருக்கிறது தெரியுமா?”

செபஸ்தியான் பிசைவதை நிறுத்தினார். “சாவு வேணாம். காணாமப் போயிக்க. காணாமப் போனா திரும்பி வரலாம்” என்றார்.

இந்தத் திருத்தத்தைச் சேவுகன் ஏற்றுக்கொண்டான். கார்டில் அவள் தன் பெயரைத் தங்க எழுத்தில் அடித்திருந்ததை மட்டும் கெஞ்சி வெள்ளையாக்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரிந்தவர் ஒருவரின் கல்யாண மண்டபத்தில் படம் போட்டார்கள். நடித்தவர்களின் சொந்தபந்தம்தான் கூட்டம். திரையில் அவள் பெயர் வந்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. எங்கோ நடந்த உண்மைச் சம்பவத்தைத்தான் பிள்ளைகள் நடித்துக் காட்டுகிறார்கள் என்று நினைத்தார்கள். செபஸ்தியான் மட்டும் தட்டினார். முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி முறைத்தார். “துக்கமான விசயம் ஓடுது, இந்தாளு கை தட்டுறாரு.”

வெறும் வாசற்படி வந்தபோது மண்டபம் மூச்சு விடவில்லை. பிறகு கடைசிக் கார்டு: ‘இதை முடித்த மறுநாளிலிருந்து சகாயராணியைக் காணவில்லை.’

விளக்கு எரிந்ததும், அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் முதலில் திரும்பினாள். அப்புறம் வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. மடியில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த சகாயராணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மணப்பெண் மாதிரி கும்பிட்டு வைத்தாள். கூரை அதிரச் சிரித்தார்கள். அப்போதுதான் கைதட்டல் வந்தது.

படம் யூடியூபில் ஏறியபின் ராஜா டிஜிட்டலின் போன் ஓயவில்லை. “அந்தம்மா கிடைச்சிருச்சா?” என்று மதுரையிலிருந்தெல்லாம் கேட்டார்கள். “இங்கனதான் டீ குடிச்சுக்கிட்டு இருக்கு” என்று சொல்லிச் சொல்லி அழகுராஜாவுக்குக் குரல் கட்டியது.

ஆவணி பிறந்ததும் திருப்பத்தூரிலிருந்து மீனம்மாள் என்பவர் மகள் கல்யாணத்துக்கு வீடியோ பேச வந்தார். அழகுராஜா எழுந்து நின்றும் அவரைத் தாண்டி உள்ளே வந்து, சகாயராணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து காலைப் பார்த்தார். சகாயராணி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் தரையில் நன்றாக ஊன்றிக் காட்டினாள்.

“நல்லாப் பாத்துக்கங்கம்மா. ரெண்டும் தரையிலதான் இருக்கு.”

மீனம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டு, அழகுராஜாவிடம் திரும்பினார். “எங்க வீட்டு வீடியோவை இவுகதான் செய்யணும். இவுக பேரும் வரணும், இவுகதான் செஞ்சாகன்னு எங்க பக்கத்து ஆளுக நம்பணும்ல. ஆனா தம்பி, கல்யாண வீடு. காணாமப் போனதை மட்டும் போட்ராதீக.”

அழகுராஜா சகாயராணியைப் பார்த்தார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“போடு ராணி” என்றார் அவர். “எனக்குக் கீழ.”

“சரிண்ணே” என்றவள், எழுத்து மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அளவாக இருக்கும் என்று அவரிடம் சொல்லவில்லை.