பத்தால் பெருக்காத எண்

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் உள்ள ஒரு தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் காதர் மைதீனுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கையை வேறு யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அதில் அவருக்குப் பெருமை. புக்கிட் மேராவில் வீட்டுக்குக் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்தால், "நம்ம ரிப்போர்ட் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல லா" என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

ஓமானின் பாலைவனத்தில் ஒரு தீவனப் பண்ணை. அதன் முதலாளிக்குச் சிங்கப்பூரில் அலுவலகம் இருந்ததால், புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர் காதரிடம் சோதனைக்கு வந்தது. அது பாசனத்துக்கு ஆகுமா என்று கேட்டிருந்தார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல், சோடியம் குறைவு, அங்கே தீவனமாக வளர்க்கும் குதிரைமசாலுக்குத் தாராளமாகப் பாய்ச்சலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஏழு மாதம் கழித்துப் பண்ணையிலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே மேற்பார்வை பார்க்கும் இராமசாமி.

"சார், விட்ட தண்ணி உள்ள இறங்க மாட்டேங்குது. மேலயே நிக்குது. காஞ்சா மண்ணு ஓடு மாதிரி ஆயிடுது, பயிரெல்லாம் மஞ்சளாப் போச்சு. அந்த ரிப்போர்ட்ட ஒருதரம் பாத்துச் சொல்லுங்க சார்."

காதருக்குச் சுருக்கென்றது. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல. நீங்க அளவில்லாம தண்ணி விட்டிருப்பீங்க. பாட்டிலயும் சரியாக் கழுவாம சாம்பிள் பிடிச்சிருப்பீங்க."

பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் சரஸ்வதி கேட்டபோதும் அதையே சொன்னார். அவரும் அதை நம்பிப் பண்ணை முதலாளிக்கு எழுதி அனுப்பிவிட்டார்.

தன் பக்கம் சரி என்று காட்டத்தான் மறுநாள் பழைய கணக்குத் தாளை எடுத்தார் காதர். சோடியம் அதிகமுள்ள தண்ணீரைக் கருவியில் அப்படியே விட முடியாது. தூய நீர் கலந்து பத்து மடங்கு நீர்க்கச் செய்து அளந்து, வருகிற எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். நீர்க்கச் செய்ததாகத் தாளில் அவர் கையெழுத்திலேயே இருந்தது. பெருக்கியதாக இல்லை. சோடியம் இருபத்து நான்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி நான்கு. அவ்வளவு சோடியம் மண்ணுக்குள் போனால் களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடும், தண்ணீர் இறங்காது. இராமசாமி சொன்னது அத்தனையும் அதுதான். தாளின் அடியில் நேர், எதிர் அயனிகளின் கூட்டுத்தொகைகள் ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்க வேண்டும். ஒன்று நாலரைகூட இல்லை, மற்றது இருபத்தாறு. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

தாளை மடித்து இழுப்பறையில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் சரஸ்வதி, "காதர் அண்ணன் மாதிரி கவனமாச் செய்யணும்" என்று புதியவர்களிடம் சொன்னார். காதர் குனிந்து கைப்பேசியைப் பார்ப்பதுபோல் இருந்தார். வெள்ளிக்கிழமை டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்தவர், வழக்கமாகப் போகும் தேக்கா சந்தைப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்குத் திரும்பினார். மனைவி நூருன்னிசா, "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். வேலை அதிகம் என்று அவரிடமும் பொய் சொன்னார்.

பத்தாம் நாள் முதலாளியின் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கவனக்குறைவுக்காக இராமசாமியை மேற்பார்வையிலிருந்து எடுத்து, கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். காதர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு சரஸ்வதியின் அறைக்குப் போனார்.

சரஸ்வதி தாளை வெகுநேரம் பார்த்தார். "எப்போலேருந்து தெரியும் அண்ணே?"

"ஒன்பது நாளாத் தெரியும்."

சரஸ்வதி தாளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, பழைய அறிக்கையைக் கணினியில் திறந்தார்.

அன்று மதியமே திருத்திய அறிக்கையும் மன்னிப்புக் கடிதமும் போயின. இராமசாமிக்கு மட்டும் காதர் தானே போன் செய்தார்.

"தப்பு என்னோடது இராமசாமி. நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

"நான் போன் பண்ணினப்பவே உங்களுக்குத் தெரியுமா சார்?"

"அன்னைக்குத் தெரியாது. மறுநாள் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சார் இத்தன நாளு?"

"பேரு கெட்டுடுமேன்னு பயந்துட்டேன்" என்றார் காதர். இராமசாமி, "சரிங்க சார்" என்று போனை வைத்தார்.

சோடியத்தை வெளியேற்ற நிலத்தில் ஜிப்சம் போட்டு, வேறு கிணற்று நல்ல தண்ணீரை விட்டுக் கழுவுகிறார்கள். மண் மெல்ல இளகி வருகிறதாம். இராமசாமிக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. காதரிடமிருந்து கையெழுத்துப் போடும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். அவர் அளந்து எழுதுவதை இப்போது ரோஷினி என்ற இளம் வேதியியலாளர் சரிபார்க்கிறார். அந்தப் பெண் சங்கடப்பட்டு வேகமாகப் புரட்டினால், "நிதானமாப் பாரும்மா, கடைசி வரிசைக் கூட்டுத்தொகையையும் பாரு" என்பார் காதர். ரோஷினி பார்த்து முடிக்கும்வரை மேசைக்குப் பக்கத்திலேயே நிற்பார்.